அடுக்கும் வரிசையும்

ஒரு பொருளைப் பிறர்க்குக் காட்டுதற்கு வழிகள் இரண்டு. அதன் பெயரைச் சொல்லிக் காட்டுதல் ஒன்று. அஃது இருக்கும் இடத்தைச் சொல்லிக் காட்டுதல் மற்றொன்று. இடத்தைச் சொல்லுதலும் இருவகைப்படும். எம் ஊராகிய பாடாலூரையே எடுத்துக்கொள்வோம். அஞ்சல் உறையின்மேல் எழுதுங்கால், பாடாலூர், ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம், தமிழ்நாடு என ஒன்றனுள் ஒன்று அடங்குமாறு எழுதுகின்றோம். மாநிலத்தினுள் மாவட்டமும், மாவட்டத்தினுள் வட்டமும், வட்டத்தினுள் ஊரும் பெட்டிக்குள் பெட்டியாக வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வூர் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியின்மேல் உள்ளது. அவ்வழியே லாரி ஓட்டிச் செல்வோர் வட்டத்தையும் மாவட்டத்தையும் நினைப்பதில்லை. பாதையோரத்துக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து, பெரம்பலூர் கடந்து இத்தனையாவது கல் என்று கணக்கிட்டு வண்டியை நிறுத்துவர். ஊர் ஒன்றே, அதனைச் சென்று சேரும் கணக்கு இரண்டு. முன்னதனை அடுக்கு முகவரி என்றும், பின்னதனை வரிசை முகவரி என்றும் ஈண்டு வழங்குவோம்.

இவ்விரண்டனுள் ஒன்று தெரிந்தால் மற்றொன்றைக் கணக்கிட்டு அறிதல் கூடுமோ? கூடுமாயின் எந்நிலையிற் கூடும்? எந்நிலையிற் பிழைபடும்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய யாம் கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். யாம் செய்த ஒரு தவறும், அதனால் யாம் அடைந்த நாணமும், பின்னர் அதன் காரணத்தை ஆராய்ந்தபோது பெற்ற தெளிவுமே எம்மை எழுதத் தூண்டின.

சென்ற ஆண்டு நண்பர் சிலர் கூடி, எம் படிப்பிற்கு உதவுமாறு ஐங்குறுநூற்றுக்கு ஓர் அட்டவணை செய்யத் தொடங்கினோம். ஒவ்வொரு பாட்டிற்கும் முதற் சொற்கள், கூறுவோர், கேட்போர், உள்ளுறை உண்டா இன்றா என்பன அதிற் குறிக்கப்பட்டன. கணிதமும் கணிப்பொறியும் பயிலும் நண்பர் ஒருவர் அவற்றையெல்லாம் படித்துக்கொண்டு, பாட்டின் எண்ணைக் கொடுத்தவுடன் அதன் திணையையும் புலவரையும் சொல்லும் நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதித் தந்தார். திணையையும் புலவரையும் ஒவ்வொரு பாட்டிற்கும் தனித்தனியே எழுத வேண்டுவதில்லை என்றும், எண்ணிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். அது முற்றிலும் உண்மையே. எங்ஙனம் எனின், கூறுதும்.

ஐங்குறுநூறு ஐந்து நூறுகளை உடையது. மருதத்திற்கு ஓரம்போகியாரும், நெய்தலுக்கு அம்மூவனாரும், குறிஞ்சிக்குக் கபிலரும், பாலைக்கு ஓதலாந்தையாரும், முல்லைக்குப் பேயனாரும் நூறு நூறாகப் பாடினர். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்துக்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பத்தும் பத்துப் பாட்டுக்களை உடையது. ஆகவே எந்தப் பாட்டிற்கும் எண்கள் மூன்றைக் கொண்ட அடுக்கு முகவரி உண்டு: எத்தனையாவது நூறு, அதில் எத்தனையாவது பத்து, அதில் எத்தனையாவது பாட்டு என்பன அவை. இவற்றை வரிசை எண்ணாக மாற்றுதல் மிக எளிது. நூற்றின் எண்ணில் ஒன்றைக் குறைத்து 100 ஆற் பெருக்குக. பத்தின் எண்ணில் ஒன்றைக் குறைத்து 10 ஆற் பெருக்குக. இரண்டையும் பாட்டின் எண்ணோடு கூட்டுக. நெய்தல் இரண்டாம் நூறு; அதன் மூன்றாம் பத்தாகிய கிழவற்குரைத்த பத்தில் எட்டாம் பாட்டு, 100 + 20 + 8 = 128 என வரும். திரும்பிச் செல்லுதலும் அவ்வாறே. 201 என்னும் எண்ணில் ஒன்றைக் குறைத்து 100 ஆல் வகுக்க ஈவு 2. ஆகவே இரண்டு நூறுகள் கழிந்தன, இது மூன்றாம் நூற்றின் முதற் பாட்டு, கபிலர் பாடிய குறிஞ்சி எனக் காணலாம்.

இனி, கணிப்பொறி இக்கணக்கை ஏன் விரும்புகின்றது என்பதைக் காண்போம். கணிப்பொறியின் நினைவகத்தில் அறைக்குள் அறை என்பதோ, பேழைக்குள் பேழை என்பதோ இல்லை. அது பெருவழி போன்ற ஒரே நீண்ட வரிசை. ஒவ்வொரு சிற்றறைக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணே அதன் முகவரி. நாம் ஐந்து நூறு, நூற்றுக்குப் பத்துப் பத்து, பத்துக்குப் பத்துப் பாட்டு என்று அடுக்காகச் சொன்னாலும், சி மொழி அவற்றை முதல் நூற்றின் முதற் பத்து முழுவதும், அதன்பின் இரண்டாம் பத்து முழுவதும் என ஒன்றன்பின் ஒன்றாக இடையீடின்றி நினைவகத்தில் வைக்கின்றது. அடுக்கு என்பது நம் எண்ணத்தில் உள்ளது. வரிசை என்பது பொறியில் உள்ளது. இரண்டையும் இணைப்பது மேற்கூறிய பெருக்கலும் கூட்டலுமே.

வைக்கும் முறை எல்லா மொழிகட்கும் ஒன்றன்று. 1957 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து வெளிவந்த போர்ட்ரான் என்னும் மொழி, குறுக்கு வரிசைகளை விடுத்து நெடுக்கு வரிசைகளை முதலில் வைக்கும். நம் உயிர்மெய் அட்டவணையை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். 18 மெய்கள் குறுக்கு வரிசைகளாகவும் 12 உயிர்கள் நெடுக்கு வரிசைகளாகவும் அமைந்து 216 உயிர்மெய்கள் ஆகின்றன. க, கா, கி எனக் குறுக்கே படித்துச் சென்றால் பதின்மூன்றாவது எழுத்து ங. க, ங, ச என மேலிருந்து கீழே படித்துச் சென்றால் பதின்மூன்றாவது எழுத்து ல. அட்டவணை ஒன்றே, எண்ணும் ஒன்றே, எழுத்து மட்டும் வேறாயிற்று. ஆதலின் வரிசை எண்ணைக்கொண்டு அடுக்கினுள் புகுவோர் முதற்கண் அறியவேண்டுவது, அவ்வடுக்கு எம்முறையில் விரிக்கப்பட்டது என்பதே.

நிற்க. கணிப்பொறியாளர் பாயின்டர் என்று வழங்குவதனைத் தமிழில் சுட்டி என்பர். இப்பெயர் மிகப் பொருத்தமானது. இலக்கணத்தில் அ, இ, உ என்பன சுட்டெழுத்துக்கள். அவன் என்னும் சொல் ஒருவனது பெயரன்று. அவன் இருக்கும் திசையைக் காட்டுவதே. அதுபோலச் சுட்டியும் பொருளன்று. பொருள் இருக்கும் அறையின் எண். ஆயினும் அதற்கு மற்றுமோர் இயல்பு உண்டு. தான் சுட்டும் பொருள் இன்ன வகையது என்பதையும் அது அறியும். அதனால் ஒன்றைக் கூட்டு என்றால் அடுத்த சிற்றறைக்குச் செல்லாது, தன் வகையில் அடுத்த பொருளுக்குச் செல்லும். பாட்டைச் சுட்டும் சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த பாட்டு; பத்தைச் சுட்டும் சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த பத்து; நூற்றைச் சுட்டுவதோடு கூட்டினால் அடுத்த நூறு. தொடங்கும் இடம் மூன்றற்கும் ஒன்றாகவே இருக்கலாம். எடுத்துவைக்கும் அடியின் நீளம் மட்டும் வேறு. ஐங்குறுநூற்றின் முதற் பாட்டைச் சுட்டும் சிறிய சுட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்தால், நூறும் பத்தும் என்னும் நினைவே இன்றி ஐந்நூறு பாட்டுக்களையும் கடந்துவிடலாம் என்று தோன்றும். அடுக்கை வரிசையாக ஆளுதல் என்பது இதுவே. மூன்று சுழற்சிகள் ஒன்றனுள் ஒன்றாக எழுதவேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்பதனால் நிரல் எழுதுவோர் இதனை விரும்புவர்.

இம்முறை சி மொழியின் பிறப்போடு பிறந்ததாகும். அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் 1972 ஆம் ஆண்டையொட்டி அம்மொழியை உருவாக்கினார். அதற்கு முன்னோடியாகிய பி என்னும் மொழியில் பொருள்களின் வரிசை ஓரிடத்தும், அதனைச் சுட்டும் எண் வேறோர் இடத்தும் வைக்கப்பட்டன. யூனிக்ஸ் என்னும் இயக்க முறையின் கோப்புப் பட்டியலைக் கையாளும்போது இவ்வேற்பாடு இடர் தந்தது. அப்பட்டியலில் ஒவ்வொரு கோப்பிற்கும் 16 சிற்றறைகள். முதல் இரண்டில் கோப்பின் எண், அடுத்த 14 இல் அதன் பெயர். எண்ணையும் பெயரையும் ஒரே கட்டமைப்பாகக் கொள்ள அவர் விரும்பினார். வட்டில் எழுதியிருப்பது எண்ணும் பெயரெழுத்துக்களும் மட்டுமே. அவற்றினிடையே சுட்டி ஒன்றை ஒளித்துவைக்க இடமில்லை. ஆதலின் அவர் சுட்டியைச் சேமித்து வைக்கும் வழக்கத்தை விட்டு, வரிசையின் பெயரை எடுத்தாளும்போதெல்லாம் அதன் முதற் பொருளின் முகவரியாக அதனைக் கொள்ளுமாறு விதித்தார். அதனாலேயே வரிசைக்குள் வரிசையும், கட்டமைப்பினுள் வரிசையும் இடையில் வேறொன்றுமின்றி அடுத்தடுத்து வைக்கப்படலாயின. சிறியதொரு பட்டியலின் தேவை ஒரு மொழியின் இலக்கணத்தையே மாற்றியது கருதத்தக்கது.

இனி எம் கதைக்கு மீளுதும். நிரல் ஆயத்தமானவுடன் சோதித்துப் பார்த்தோம். 5 என்றோம், மருதம், ஓரம்போகியார் என்றது. 57, 100, 112, 128 என்று வினவினோம். ஒன்றிலும் பிழையில்லை. மகிழ்ந்து, கடைசி எண்களையும் வினவினோம். 499 என்றும் 500 என்றும் கேட்டபோது திரையில் பொருளற்ற எழுத்துக்கள் சில தோன்றின. எழுத்துருவின் கோளாறாக இருக்கும் என்று யாம் சொல்ல, நண்பரும் உடன்பட்டார். அத்தோடு அதனை மறந்தோம்.

சில கிழமை கழித்து, கபிலரையும் அம்மூவனாரையும் ஒப்பிட்டு எம் துறையில் ஒரு கட்டுரை படிக்கும் வாய்ப்பு வந்தது. அம்மூவனார் பாட்டுக்களின் பட்டியலை நிரலிடம் கேட்டுப் பெற்றோம். நூற்றின் இறுதியில் இருந்த பாட்டுக்கள் இரண்டும் அன்னையை விளித்துத் தொடங்குவனவாக இருந்தன. நெய்தல் நூற்றின் முதற் பத்தாகிய தாய்க்குரைத்த பத்தும் அன்னையை விளித்துத் தொடங்குவதே. எமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. அம்மூவனார் அன்னையை விளித்துத் தொடங்கிய நூற்றை அன்னையை விளித்தே முடித்தனர் என்றும், கடற்கரையில் தொடங்கி மலைநாட்டில் முடித்தது திணைமயக்கத்தின் நுட்பம் என்றும் இரண்டு பக்கம் எழுதினோம். படித்தும் விட்டோம். படித்து முடித்தவுடன் ஆசிரியர் ஒருவர் எழுந்து, சினமின்றி, "அவ்விரண்டு பாட்டும் கபிலருடைய அன்னாய் வாழிப்பத்தின் முதல் இரண்டு அல்லவோ? புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்த்தீர்களா?" என்றார். யாம் திறந்து பார்க்கவில்லை. யாம் புத்தகத்தைக் கண்டு எண்ணியது அட்டவணை செய்த நாளில் மட்டுமே.

பிழை யாது? ஐங்குறுநூற்றில் 129, 130 என்னும் எண்களுக்குரிய இரண்டு பாட்டுக்கள் கிடைத்தில. கிழவற்குரைத்த பத்தில் எட்டுப் பாட்டுக்களே இப்போது உள்ளன. பாட்டே இல்லாத இடத்திற்கு எதனை எழுதுவது என்று கருதி, யாம் 128 ஐ அடுத்து 131 இன் குறிப்பை எழுதிச் சென்றோம். ஆகவே எம் வரிசையில் இருந்தவை 498. ஆனால் கணக்கோ ஐந்நூற்றுக்கு உரியது. 128 வரை எல்லாம் சரி. அதன்பின் ஒவ்வொரு பாட்டும் இரண்டிடம் முன்னே தள்ளி நின்றது. கபிலரின் 201, 202 ஆம் பாட்டுக்கள் 199, 200 ஆம் இடங்களில் நின்று அம்மூவனாருடையன ஆயின. ஓதலாந்தையாரின் முதல் இரண்டு பாட்டுக்கள் கபிலருக்கும், பேயனாரின் முதல் இரண்டு ஓதலாந்தையாருக்கும் சென்றன. 499, 500 ஆம் இடங்களோ எம் வரிசைக்கே அப்பாற்பட்டவை. அங்கே நினைவகத்தில் வேறு எதற்கோ உரியது கிடந்தது. சி மொழி எல்லையைக் காவாது. சுட்டி காட்டிய இடத்தில் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடும். அன்று தோன்றிய பொருளற்ற எழுத்துக்கள் மட்டுமே எமக்கு உண்மையைச் சொல்ல முயன்றவை. அவற்றையே யாம் எழுத்துருவின் குற்றம் என்று தள்ளினோம்.

இதிலிருந்து யாம் கற்ற முதல் விதி, உள்ளிருக்கும் பகுதிகள் யாவும் அளவால் ஒத்திருந்தாலன்றி வரிசைக் கணக்குச் செல்லாது என்பது. ஒன்று குறைந்தால் அதன் இடம் வெற்றிடமாகவேனும் நிற்றல் வேண்டும். நூலைப் பதிப்பித்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பதிப்புக்களில் 131 என்னும் எண் அப்பாட்டிற்கே நிற்கின்றது. இழந்த இரண்டிற்கும் உரிய எண்கள் பிறவற்றிற்குக் கொடுக்கப்படவில்லை. பதிற்றுப்பத்திலும் அவ்வாறே. முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடையாமையால் எஞ்சியவை எண்பதே. எனினும் அவை 1 முதல் 80 வரை எண்ணப்படாது, 11 முதல் 90 வரை எண்ணப்படுகின்றன. தொலைந்தவை என்றேனும் கிடைப்பின் அவற்றிற்குரிய இருக்கை அவர்க்காகக் காத்திருக்கின்றது.

வெற்றிடத்தை வேண்டுமென்றே விடுதல் கணிப்பொறியிலும் வழக்கம். அளவால் வேறுபட்ட பொருள்களை ஒரே கட்டமைப்பில் வைக்கும்போது, ஒவ்வொன்றும் பொறிக்கு வசதியான எண்ணில் தொடங்கவேண்டி இடையிடையே சில சிற்றறைகள் நிரப்பாது விடப்படும். ஓர் எழுத்தையும் அதனையடுத்து ஒரு முழு எண்ணையும் வைத்தால், ஒன்றும் நான்குமாக ஐந்து சிற்றறை போதும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலான பொறிகளில் எட்டு ஆகும், இடையில் மூன்று வெற்றிடம். இதனை அறியாது அக்கட்டமைப்பை ஒரே சீரான வரிசையாகக் கருதி அடியெடுத்து வைப்போர் வெற்றிடத்திற் கால்வைத்து, அங்குள்ள குப்பையைப் பொருளென்று எடுத்து வருவர். தமிழ் எழுத்துக்களுக்கும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. 2010 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட டேஸ்-16 என்னும் குறியீட்டு முறையில், ஒவ்வொரு மெய்யின் வரிசைக்கும் 16 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மெய் ஒன்றும் உயிர்மெய் பன்னிரண்டுமாக நிரம்புவன 13; மூன்று வெறிதே நிற்கும். அவ்வெற்றிடத்தால் வந்த நன்மை, ஓர் எழுத்தின் எண்ணை 16 ஆல் வகுத்தால் ஈவு மெய்யையும் மீதி உயிரையும் காட்டிவிடும் என்பது. இடம் சிறிது வீணாயினும் கணக்கு நேராயிற்று.

பகுதிகள் அளவால் ஒவ்வாதபோது என் செய்வது? அதற்கும் வழி உண்டு. திருக்குறளில் அதிகாரந்தோறும் குறள் பத்து என்பது மாறாதது. ஆகவே 79 ஆம் அதிகாரமாகிய நட்பின் முதற் குறள், 78 × 10 + 1 = 781 எனக் கண்மூடிச் சொல்லலாம். ஆனால் பால்கள் அவ்வாறு ஒத்தவையல்ல. அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள், பொருட்பாலில் 70, இன்பத்துப்பாலில் 25. இங்கே பெருக்கல் உதவாது. அறத்துப்பால் தொடங்குமுன் கழிந்தவை 0, பொருட்பால் தொடங்குமுன் கழிந்தவை 380, இன்பத்துப்பால் தொடங்குமுன் கழிந்தவை 1080 என மூன்று எண்களை எழுதி வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பாலின் எத்தனையாவது குறளையும் ஒரு கூட்டலில் அடையலாம். வேதாகமத்தின் சங்கீதங்கள் இன்னும் வேறுபட்டவை. 117 ஆம் சங்கீதத்திற்கு வசனங்கள் 2; 119 ஆம் சங்கீதத்திற்கு 176. அங்கே 150 சங்கீதங்களுக்கும் தனித்தனியே தொடக்க எண் எழுதி வைத்தாலன்றி வரிசை எண்ணைக் காண இயலாது. அதனால் அதிகாரமும் வசனமும் கூறும் அடுக்கு முகவரியே அங்கு வழக்காயிற்று.

குறளைப் பற்றி மற்றொன்றும் சொல்லற்பாலது. இன்று நாம் வழங்கும் 1 முதல் 1330 வரையான எண்கள் பரிமேலழகர் கொண்ட முறையை ஒட்டியவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்தினுள் குறள்கள் நிற்கும் முறை பலவிடத்து வேறுபடும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு மணக்குடவர் உரையைத் திறப்போர், கணக்கிற் பிழையின்றியே வேறொரு குறளை அடைதல் கூடும். எண் எந்த வைப்புமுறைக்கு உரியது என்பதை உடன் கூறாத மேற்கோள் பாதி மேற்கோளே.

ஒரே வரிசையை இருவேறு அடுக்குக்களாகக் காண்டலும் கூடும் என்பதற்கு அகநானூற்றினும் சிறந்த சான்று யாம் கண்டிலம். அந்நூலின் 400 பாட்டுக்கள், 1 முதல் 120 வரை களிற்றியானை நிரை, 121 முதல் 300 வரை மணிமிடை பவளம், 301 முதல் 400 வரை நித்திலக்கோவை என மூன்றாகப் பகுக்கப்பட்டன. இஃது ஓர் அடுக்கு. அதே வரிசையில் ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. இது மற்றோர் அடுக்கு. நெய்தற் பாட்டுக்களை மட்டும் வேண்டுவோர் 10 இல் தொடங்கிப் பத்துப் பத்தாக அடியெடுத்து வைத்தால் நாற்பதையும் பெறுவர். ஒரு பாட்டையும் இடம் பெயர்க்க வேண்டுவதில்லை. இந்நாளில் கணக்கியலார் கையாளும் நம்பை என்னும் கருவியும் இதனையே செய்கின்றது. எண்கள் ஒரே வரிசையில் கிடக்க, தொடக்கமும் அடியின் நீளமும் மட்டும் மாற்றி, அவ்வரிசையையே பல அட்டவணைகளாகக் காட்டுகின்றது. அகநானூற்றைத் தொகுத்தோர் கணிப்பொறியைக் கனவிலும் கண்டவரல்லர். ஆயினும் எண்ணே திணையைச் சொல்லுமாறு நூலை அடுக்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏடுகள் சிதறினும் ஒரு பாட்டின் எண்ணிலிருந்து அதன் திணையையும், திணையிலிருந்து அதன் எண்ணைப் பற்றிய ஐயத்தையும் சரிபார்க்க இவ்வமைப்பு துணை செய்யும்.

இறுதியாக ஒரு நுட்பம் உளது. அதனை நண்பர் எமக்கு விளக்கியபோது முதலில் யாம் ஒப்பவில்லை. சி மொழியில் அடுக்கின் உட்பகுதிகள் இடையீடின்றித் தொடர்ந்திருப்பது உறுதி என்று மேலே கூறினோம். அங்ஙனமாயின், முதற் பத்தின் முதற் பாட்டைச் சுட்டும் சுட்டியைக்கொண்டு ஐந்நூறும் கடந்து செல்வதில் தடை யாது? தடை பொறியில் இல்லை. மொழியின் விதியில் உள்ளது. 1989 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சி மொழியின் தரவிதிகள், ஒரு வரிசையைச் சுட்டி எடுத்த சுட்டி அவ்வரிசையின் எல்லைக்குள்ளேயே நடக்கலாம் என்றும், மிகினும் முடிவிற்கு அப்பால் ஓர் அடி வரை நிற்கலாமேயன்றி அங்குள்ளதை எடுத்தலாகாது என்றும் கூறுகின்றன. பத்தின் உள்ளே பிறந்த சுட்டிக்குப் பத்தே எல்லை. அதனை மீறினால் விளைவு இன்னதென்று மொழி உறுதி கூறாது.

எம் ஊர்ப் பக்கத்துச் சின்ன வெங்காய வயல்களை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். வரப்பின் இருபுறத்தும் மண் ஒன்றே; நடந்து செல்வார்க்கு ஓர் அடியே இடைவெளி. ஆயினும் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்தவர், நிலம் தொடர்ந்திருக்கின்றது என்று சொல்லி அடுத்த வயலிலும் அறுவடை செய்தலாகாது. நிலம் தொடர்ந்திருத்தல் வேறு. செல்லும் உரிமை வேறு. பல நாள் ஒருவரும் கேளாதிருக்கலாம். கேட்கும் நாளில் அவரிடம் விடை இராது. நாம் எழுதும் நிரலைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் இவ்விதியை நம்பியே தன் வேலையை விரைவுபடுத்துகின்றது. பத்தினுட் செல்லும் சுட்டி பத்தைக் கடவாது என்று அது துணிந்து, தேவையற்றதெனத் தோன்றும் சோதனைகளை நீக்கிவிடலாம். அப்பொழுது நேற்றுவரை ஓடிய நிரல் இன்று பிழைபடும்.

இதற்கு நேர்வழி எளிதே. வரிசையாக ஆள விரும்பின் தொடக்கத்திலேயே 500 இடங்களை உடைய ஒரே வரிசையாக அறிவித்துக்கொண்டு, நூறும் பத்தும் வேண்டும்போது மேற்கூறிய கணக்கால் அடுக்கு முகவரியைக் காணுதல் வேண்டும். அப்பொழுது சுட்டி முழு வயலையும் குத்தகைக்கு எடுத்ததாகும். பொருள்களின் வகையை நோக்காது அவற்றைச் சிற்றறை சிற்றறையாக மட்டும் படிப்பதற்கும், முழுமையாகப் படியெடுப்பதற்கும் மொழியே வேறு வழிகளை அனுமதித்துள்ளது. எவ்வழியிற் செல்லினும், கொடுக்கப்பட்ட எண் எல்லைக்குள் உள்ளதா என்று ஒருமுறை வினவிய பின்னரே உள்ளே புகுதல் முறை.

யாம் எம் அட்டவணையைத் திருத்தினோம். 129, 130 ஆம் இடங்களில் "பாட்டுக் கிடைத்திலது" என்று எழுதி வைத்தோம். வரிசை 500 என்று அறிவிக்கப்பட்டது. கபிலரின் பாட்டுக்கள் கபிலரிடமே மீண்டன. 500 என்று கேட்டால் இப்பொழுது பேயனாரே விடை தருகின்றார். அம்மூவனாரின் திணைமயக்கத்தைப் பற்றி யாம் எழுதிய இரண்டு பக்கங்களையும் கிழித்தோம். திருத்திய கட்டுரையை அதே ஆசிரியரிடம் காட்டியபோது அவர் முதலில் பார்த்தது 128 ஐ அடுத்துள்ள இரண்டு வரிகளைத்தாம்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் பேருந்தின் பலகணி வழியே கிலோமீட்டர் கற்களை எண்ணிச் செல்லுதல் எமக்கு இளமையிலிருந்தே பழக்கம். சிலவிடத்துக் கல் சாய்ந்திருக்கும். சிலவிடத்து இல்லாமலே போயிருக்கும். ஆனால் அதற்கு அடுத்த கல் தனக்குரிய எண்ணையே தாங்கி நிற்கும்; போனதன் எண்ணைத் தான் எடுத்துக்கொள்ளாது. அதனாலேயே, எத்தனை கற்கள் விழுந்திருப்பினும், பாடாலூரில் இறங்கவேண்டியவர் பாடாலூரிலேயே இறங்குகின்றார்.